கலைக்காம பாக்கறது: மதுரையிலேர்ந்து தனுஷ்கோடிக்கு ஒரு பேர்ட் வாக்

தனுஷ்கோடி ரோட்டுல கோதண்டராமர் கோயில் விலக்கு தாண்டி கொஞ்ச தூரத்துல, முழங்காலு கூட நனையாத தண்ணியில ஒரு 200 பூநாரை (ஃபிளமிங்கோ) இருக்கும், பூராம் தலையக் கவுத்து மேஞ்சுக்கிட்டு நின்னுச்சு. எங்க வேனை ரோட்டோரமா நிறுத்திட்டு நாங்க 14 பேரு சத்தம் போடாம எறங்கி நின்னோம். நல்ல தூரம், பைனாகுலர் இல்லாம பாத்தா வெள்ளைக் கோடு மாதிரிதான் தெரியும். அஞ்சு நிமிஷம் ஆகலை, பின்னாடி ஒரு கார் வந்து நின்னுச்சு, நாலு பசங்க எறங்கி செல்போனை வீடியோல போட்டுக்கிட்டு தண்ணிக்குள்ளயே ஓடுனாங்க, கையத் தட்டிக்கிட்டே. மொதல்ல ஒரு தலை மேல வந்துச்சு, அப்புறம் எல்லாத் தலையும், அப்புறம் நடை, அப்புறம் ஓட்டம், அப்படியே கூட்டம் பூரா எந்திரிச்சிருச்சு. றெக்கைய விரிச்சா உள்ள ரோஸும் கருப்புமா இருக்கும், பாக்க அம்புட்டு அழகு, அதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். வீடியோ எடுத்தவங்க ஒரு நிமிஷத்துல கார்ல ஏறிப் போயிட்டாங்க.

எங்க கூட வந்த ஒரு பாப்பா, மூணாப்பு படிக்குது, கூட்டிட்டு வந்த அண்ணன்கிட்ட கேட்டுச்சு, "அங்கிள், நம்மளும் கை தட்டுனா இன்னொருக்கா பறக்குமா?" அவரு வையலை, சிரிக்கவும் இல்லை. கழுத்துல கெடந்த பைனாகுலரைக் கழட்டி அது கையில குடுத்து, "எங்க போயி எறங்குதுன்னு பாரு பாப்பா, எறங்குனதுக்கப்புறம் எப்பத் தலையக் குனிஞ்சு திங்க ஆரம்பிக்குதுன்னு எனக்குச் சொல்லு, மணி பாத்து சொல்லணும்"னாரு. எறங்குனது சீக்கிரம்தான். ஆனா எறங்கி, தலையத் தூக்கிக்கிட்டே நின்னு, ஒண்ணோட ஒண்ணு நெருக்கியடிச்சு நின்னு, அங்கிட்டு இங்கிட்டு நடந்து, கடைசியா பாதிக் கூட்டம் தலையத் தண்ணியில வைக்கறதுக்கு 20 நிமிஷத்துக்கு மேல ஆச்சு. பாப்பாவுக்குக் கை வலிச்சுருச்சு, ஆனா விடலை.

பேர்ட் வாக் கூட்டிட்டுப் போறவரோட வேலை என்னன்னு கேட்டா, பறவை பேரு சொல்றதுன்னுதான் எல்லாரும் நெனைக்கிறாங்க. பேரு சொல்றதுக்கு இப்ப செல்போன்லயே ஆப் இருக்கு. அவரோட நெசமான வேலை அந்த 20 நிமிஷம் வீணாகாம பாத்துக்கறது. எங்க நிக்கணும், எம்புட்டு நேரம் நிக்கணும், எப்பக் கெளம்பணும்னு முடிவு பண்றது பூராவே அதை வச்சுத்தான். அது ஏன் அம்புட்டு முக்கியம்னு புரியணும்னா பறவை அங்க வந்து என்ன பண்ணுதுன்னு தெரியணும்.

பூநாரை மீன் பிடிச்சுத் திங்கற பறவை இல்லை. அதோட அலகு நடுவுல மடங்குன மாதிரி இருக்கும், தலையத் தலைகீழா தண்ணிக்குள்ள விட்டா அந்த மடங்குன பாகம் தரைக்கு மட்டமா வந்துரும். உள்ள ஓரத்துல சீப்பு மாதிரி பல்லு பல்லா இருக்கும், நாக்கு ஒரு பம்பு மாதிரி நொடிக்குப் பல தடவை தண்ணிய இழுத்து வெளிய தள்ளும், தண்ணி போயிரும், உப்புத்தண்ணியில இருக்கற பொடி இறால், பூச்சி, பாசி எல்லாம் சீப்புல மாட்டிக்கும். சல்லடைதான். நம்ம வீட்டுல மாவு சலிக்கற மாதிரி. அதுலயும் சும்மா நின்னு சலிக்கறது இல்லை, பாத்தீங்கன்னா காலை மாத்தி மாத்தி மிதிச்சுக்கிட்டே இருக்கும், டான்ஸ் ஆடுற மாதிரி, அது சேத்தைக் கிளறி அடியில இருக்கறதை மேல கொண்டு வர்றதுக்கு. சிலி நாட்டுப் பூநாரைய வச்சு 2025ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, அதுல என்ன கண்டுபுடிச்சாங்கன்னா, இது தலையத் தண்ணிக்குள்ள இருந்து வேகமா மேல இழுக்கறப்ப சின்னச் சுழல் உண்டாகுது, காலால மிதிக்கறதும் சுழல் உண்டாக்குது, அந்தச் சுழல்ல மாட்டி நீந்தி ஓடுற பொடி உசுரெல்லாம் வாய்க்கு நேரா வந்துருது. அதாவது வலை இல்லாத வலை. ரோஸ் கலரும் இந்தச் சாப்பாட்டுல இருந்து வர்றதுதான், பாசியிலயும் இறால்லயும் இருக்கற நிறச்சத்து றெக்கையில ஏறுது. கூட்டத்துல சாம்பல் கலர்ல நிக்கிறதைப் பாத்துட்டு வேற பறவைன்னு நெறைய பேரு சொல்றாங்க, அது குஞ்சு பெருசானது, கலர் ஏற இன்னும் சில வருஷம் ஆகும்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. ஒரு வாய்க்கு கண்ணுக்குத் தெரியாத அளவு பொடியாத்தான் கெடைக்குது. நாலரை அடி ஒசர ஒடம்பை அதை வச்சு ஓட்டணும்னா மணிக்கணக்கா சலிச்சுக்கிட்டே இருக்கணும், பகல் மட்டும் இல்லை, ராத்திரியும் மேயும். அந்த ஒடம்பைத் தூக்கி நின்ன எடத்துல இருந்து அப்படியே பறக்கவும் முடியாது, தண்ணி மேல ஓடி ஓடித்தான் எந்திரிக்கணும். பறவைக்குச் செலவுலயே பெரிய செலவு றெக்கை அடிக்கறதுதான், சும்மா நிக்கறதை விட பல மடங்கு சக்தி போகும். ஆக ஒரு தடவை கலைச்சு விட்டா நஷ்டம் ரெண்டு பக்கம், சேத்து வச்சதுல இருந்து செலவாகுது, சம்பாதிக்கற நேரமும் போகுது. ஒரு கார் வந்தா பரவால்ல, சமாளிச்சுக்கும். ஒரு ஞாயித்துக்கெழமை காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் எத்தனை கார் வருதுன்னு தனுஷ்கோடி போனவங்களுக்குத் தெரியும்.

பூநாரையாவது பெருசு, எல்லாரு கண்ணுக்கும் படும். எனக்கு உசுரு சின்னதுங்க மேலதான். கொசு உள்ளான்னு ஒண்ணு இருக்கு, எடை 25 கிராம் பக்கம்தான். அது முட்டை வைக்கறது வடதுருவத்துக்குப் பக்கத்துல, சைபீரியா மாதிரி எடத்துல, மரமே இல்லாத பனிக்காட்டுல. அங்க குளிரு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கெளம்பி, மலை பாலைவனம் எல்லாம் தாண்டி நம்ம ராமநாதபுரம் கடக்கரைக்கு வந்துருது, மார்ச் ஏப்ரல்ல திரும்பிப் போகுது. இந்தப் பாதைக்கு மத்திய ஆசியப் பறவைப் பாதைன்னு பேரு, 30 நாடு இதுல வருது. போறதுக்கு முன்னாடி ஒடம்புல கொழுப்பு சேத்துக்கணும், அதுதான் அதோட பெட்ரோல், நல்லா சேத்துருச்சுன்னா ஒடம்பு எடையே ரொம்ப ஏறிரும். சேக்காம கெளம்புச்சுன்னா நடுவழியில தீந்துரும், இல்லை போயி சேந்தாலும் முட்டை வைக்கத் தெம்பு இருக்காது. இங்க நம்ம கலைச்சு விட்டதோட கணக்கு அங்க போயித்தான் தெரியும், நம்ம கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது. அதனாலதான் இதை யாரும் தப்புன்னே நெனைக்கறதில்லை.

சரி, இம்புட்டு தூரம் வந்து ஏன் இந்தச் சேத்துல நிக்குது? பாக்கறதுக்கு வெறும் சேறு, வெறும் உப்புத்தரை, ஒரு செடி இல்லை. ஆனா அந்தச் சேத்து மேல வழவழன்னு ஒரு பாசிப்படலம் இருக்கும், அதைத் தின்னு வாழற புழு, நத்தை, சிப்பி, பொடி நண்டு எல்லாம் மேலயும் அடியிலயுமா நெறைஞ்சு கெடக்கும். அது எந்த ஆழத்துல கெடக்குதோ அந்த ஆழத்துக்கு ஒரு அலகு இருக்கு. கொசு உள்ளானுக்குச் சின்ன அலகு, மேலாக்க கொத்தும். பவளக்காலிக்கு நீளக் காலு, தண்ணிக்குள்ள நின்னு மேலாக்க பொறுக்கும். பட்டைவால் மூக்கனுக்கு நீளமா லேசா மேல வளைஞ்ச அலகு, முக்கால்வாசி அலகை சேத்துக்குள்ள எறக்கிரும். கர்லூவுக்கு அரிவாள் மாதிரி கீழ வளைஞ்சது, நண்டு வளைக்குள்ளயே விட்டு இழுத்துரும். ஒரே எடத்துல நாலஞ்சு ஜாதி பக்கத்துல பக்கத்துல நிக்கும், சண்டை பெருசா இருக்காது, ஏன்னா ஒண்ணோட தட்டுல இருக்கறது இன்னொண்ணுக்கு எட்டாது.

இதுல ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. உள்ளான் வகைக்கு அலகு நுனியில உணர்ச்சி இருக்கு, சேத்துக்குள்ள கண்ணு தெரியாமலே புழு அசையறதைத் தொட்டுக் கண்டுபுடிக்கும், அதனால அது தையல் மிஷின் ஊசி மாதிரி குத்திக்கிட்டே நடக்கும். உப்புக்கொத்தின்னு இன்னொரு கடக்கரைப் பறவை வகை இருக்கு, அதுக்கு அது கெடையாது, அதுக்குக் கண்ணுதான், பெரிய கண்ணு. அது ஓடும், டக்குன்னு நிக்கும், பாக்கும், கொத்தும், மறுபடி ஓடும். ஒரு அரை நிமிஷம் நடையப் பாத்தா போதும், கலரு, கோடு ஒண்ணுமே தெரியாட்டியும் இது உள்ளான் சாதியா உப்புக்கொத்தி சாதியான்னு சொல்லிரலாம். புதுசா வர்றவங்களுக்கு எங்க அண்ணன் மொதல்ல இதைத்தான் காமிப்பாரு, புஸ்தகத்தைத் தொறக்கவே விட மாட்டாரு. இன்னொண்ணும் இதுக்குள்ள இருக்கு, கண்ணால பாத்துக் கொத்தற பறவைக்கு புழுவும் நண்டும் தரைக்கு மேல வந்தாத்தான் சாப்பாடு, நம்ம தொம் தொம்முன்னு நடந்தா அதெல்லாம் வளைக்குள்ள போயிரும். அதாவது பறவை பறக்காட்டியும் நம்ம அதோட தட்டை எடுத்துட்டோம்னு அர்த்தம்.

எந்நேரத்துக்குப் போகணும்கறதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு வெயிலு, வெளிச்சம். தனுஷ்கோடி ரோடு ராமேஸ்வரத்துல இருந்து தென்கிழக்கா அரிச்சல்முனை வரைக்கும் போகுது, 2017ல தொறந்த ரோடு, அதுக்கு முன்னாடி மணல்ல போற வேனுதான். காலையில அந்த ரோட்டுல போனா சூரியன் நேரா மூஞ்சியில அடிக்கும், எதைப் பாத்தாலும் கருப்பு நெழலாத்தான் தெரியும். அதனால கூட்டத்தைப் பாத்ததும் நிக்காம அதைத் தாண்டிப் போயி, வண்டிய மெதுவா நிறுத்தி, திரும்பி மேக்குப் பக்கமா பாக்கணும், அப்பத்தான் முதுகுல வெயிலு, பறவை மேல வெளிச்சம். ஒம்போது ஒம்போதரைக்கு மேல மணல் சூடாகி கானல் ஆட ஆரம்பிச்சுரும், ஸ்கோப்ல (ஸ்டாண்டுல வச்சுப் பாக்கற டெலஸ்கோப்) பாத்தா பறவை தண்ணிக்குள்ள கரையற மாதிரி நெளியும், அதுக்கப்புறம் தூரத்துல இருக்கறதை அடையாளம் சொல்றவரை நம்பாதீங்க. இருட்டுனதுக்கப்புறம் அங்க இருக்கவும் விட மாட்டாங்க.

ரெண்டாவது காரணம் தண்ணி. இங்க கடல் ஏத்த எறக்கம் ரொம்பக் கம்மி, ஒரு மீட்டர் கூட வராது. ஆனா தரை பாய் விரிச்ச மாதிரி மட்டமா இருக்கறதால சாண் தண்ணி ஏறுனாலே ரொம்ப தூரத்துக்கு சேறு முங்கிரும், சாண் எறங்குனா அம்புட்டும் சாப்பாட்டு மேடையா வெளிய வந்துரும். அதோட காத்தும் தண்ணியத் தள்ளும். அரிச்சல்முனைக்குப் போறப்ப இடது கைப்பக்கம் பாக் ஜலசந்தி, வலது கைப்பக்கம் மன்னார் வளைகுடா, ஊருல பெண் கடல், ஆண் கடல்னு சொல்லுவாங்க. வாடைக்காத்து வீசற மாசத்துல இடது பக்கம் அலை எகிறும், கச்சானும் சோழகமும் வீசற மாசத்துல வலது பக்கம். எந்தப் பக்கம் அமைதியா ஆழம் இல்லாம இருக்கோ அந்தப் பக்கம்தான் பறவை. முன்னாடியே ஒரு மீன்காரருக்குப் போன் போட்டு காத்து எப்படின்னு கேட்டுக்கிட்டா பாதி அலைச்சல் மிச்சம். பேரு தெரியாத ஆலாவை (கடல் பறவை) கூட அவரு எந்த மீன் வர்றப்ப வருதுன்னு சொல்லுவாரு.

மதுரையில இருந்து 170 கிலோமீட்டர், அங்கிட்டு இன்னொரு 20. விடியறப்ப அங்க நிக்கணும்னா ராத்திரி ரெண்டு ரெண்டரைக்கே விரகனூர் ரவுண்டானாவுல வேன் நிக்கணும். வெள்ளன எந்திரிக்க சொன்னா மக வர மாட்டேங்கறா, பய வர மாட்டேங்கறான்னு சொல்றவங்க கூட ஒரு தடவை வந்துட்டா அடுத்த தடவை அவங்கதான் மொதல்ல வந்து நிக்கறாங்க. விரகனூரை நான் சும்மா சொல்லலை, அங்க வைகையில மதகணை இருக்கு, நம்ம போற ரோடும் வைகையும் ஒண்ணாத்தான் போகுது, திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடின்னு. வைகை மத்த ஆறு மாதிரி நேரா கடலுக்குப் போகாது. வழியில கண்மாய் கண்மாயா குடுத்துட்டு, மிச்சம் இருந்தா ராமநாதபுரம் பெரிய கண்மாய்ல போயி விழும், அதுலயும் மிச்சம் இருந்தா ஆத்தங்கரைங்கற ஊருகிட்ட பாக் ஜலசந்தியில கலக்கும். நம்ம ஊரு தண்ணி ஒரு நல்ல மழை வருஷத்துல அந்தப் பறவை நிக்கற கடலுக்கே போயி சேருது.

இதை எதுக்கு சொல்றேன்னா, கடக்கரைப் பறவை வேற, கண்மாய்ப் பறவை வேறன்னு நெனைச்சுக்கிட்டு வர்றாங்க. ராமநாதபுரம் மாவட்டத்துல சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர் கீழச்செல்வனூர், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டைன்னு வரிசையா பறவை சரணாலயம் இருக்கு, எல்லாமே கண்மாய்ங்கதான், விவசாயத்துக்கு வெட்டுனது. இதுல சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022ல ராம்சர் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல, வந்துச்சு, சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025ல. மன்னார் வளைகுடா உயிர்க்கோளமும் அந்தப் பட்டியல்ல இருக்கு. மழை பேஞ்சு கண்மாய் நெறைஞ்சா கூழைக்கடா, சங்குவளை நாரை, கரண்டிவாயன் எல்லாம் கருவேல மரத்துல கூடு கட்டும். கோடையில கண்மாய் வத்துனா சேத்துல நின்னு கடைசி மீன் வரைக்கும் தின்னுட்டு வேற தண்ணி தேடிப் போயிரும், அதுல ஒரு எடம் கடலோர உப்புத்தண்ணி. ஒண்ணு அடைஞ்சா இன்னொண்ணு. நம்ம மதுரை சாமநத்தம் கண்மாய்ல பாத்த கூழைக்கடா மாதிரியே அங்க ஒண்ணு நிக்கும், அதே பறவைன்னு என்னால நிரூபிக்க முடியாது, ஆனா அதுக்கு இந்த தூரம் ஒரு தூரமே இல்லை.

கலைக்காம இருக்கறதுங்கறதை நம்ம பக்கத்து ஊருக்காரங்க யாருகிட்டயும் படிக்காமலே செஞ்சிருக்காங்க. மேலூர் தாண்டி திருப்பத்தூர் போற வழியில வேட்டங்குடி சரணாலயம், 1977ல அறிவிச்சது, அதை ஒட்டி கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி. அந்த ஊருகள்ல தீவாளிக்கு வெடி போடறதில்லை. கண்மாய்ல பறவை கூடு கட்டற நேரம் அது, வெடிச் சத்தத்துக்கு தாய்ப்பறவை எந்திரிச்சிருச்சுன்னா முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காக்காவுக்கும் போயிரும்னு அவங்களுக்குத் தெரியும். சின்னப் புள்ளைக்கு தீவாளிக்கு வெடி இல்லைன்னு சொல்றது எம்புட்டு கஷ்டம்னு புள்ளை பெத்தவங்களுக்குத் தெரியும், அதை வருஷா வருஷம் ஒரு ஊரே செய்யுது. நான் புதுசா வர்றவங்களை தனுஷ்கோடிக்கு முன்னாடி ஒரு தடவை கொள்ளுக்குடிப்பட்டி கூட்டிட்டுப் போகணும்னு எங்க அண்ணன்கிட்ட சொல்லிக்கிட்டே இருக்கேன். கண்மாய்க் கரையில மரத்துல சாவகாசமா உக்காந்திருக்கற பறவையப் பாத்துட்டு வந்தவங்களுக்கு, கடக்கரையில எது சாவகாசம் இல்லைன்னு தானா தெரியும்.

ஏன்னா எம்புட்டு கிட்ட போகலாம்னு மீட்டர் கணக்கு ஒண்ணு சொல்லிர முடியாது. 100 மீட்டர்னு சொன்னா அன்னைக்கு 200லயே எந்திரிச்சிரும், இன்னொரு நாளு 50 வரைக்கும் நிக்கும். மொத நாள் யாராவது கலைச்சிருந்தா, பக்கத்துல நாய் சுத்துனா, மேல பருந்து வந்துட்டுப் போயிருந்தா, எல்லாம் மாறும். பறவை மூஞ்சியத்தான் படிக்கணும். மேயற தலை மேல வந்து அப்படியே நின்னா அது உங்களைப் பாத்துருச்சு, நீங்க அந்த எடத்துலயே நிக்கணும். திரும்பவும் குனிஞ்சா சரி. ஒண்ணுக்கு ரெண்டா தலை தூக்குனா, கூட்டம் நெருக்கி வந்தா, உங்களுக்கு முதுகு காட்டி நடக்க ஆரம்பிச்சா, நீங்க ஏற்கெனவே ரொம்பக் கிட்ட வந்துட்டீங்க, மெதுவா பின்னாடி போகணும். சின்ன உள்ளான்னா கூவ ஆரம்பிக்கும், ஒடம்பை மேலயும் கீழயும் ஆட்டும். நேரா அது மேல நடக்காம சாய்ச்சு சாய்ச்சு நடக்கணும், கூட்டமா நடக்காம ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா போகணும், அப்ப அதுக்கு நம்ம 14 பேரா தெரிய மாட்டோம். இன்னும் நல்லது ஒரு எடத்துல உக்காந்துர்றது. நாங்க அன்னைக்கு கரையில ஒரு மணல்மேட்டு ஓரமா 40 நிமிஷம் சும்மா உக்காந்தோம், தண்ணி எறங்க எறங்க உப்புக்கொத்திங்க மேஞ்சுக்கிட்டே எங்க பக்கமே வந்துச்சு, கடைசியில பைனாகுலர் ஃபோகஸ் ஆகாத அளவு கிட்ட. அந்தப் பாப்பா மூச்சே விடலை. ஓடிப் போயி யாரும் இம்புட்டு கிட்ட பாத்துர முடியாது.

பொருள்னு பெருசா ஒண்ணும் வேண்டாம். 8x42 பைனாகுலர் போதும், 8ங்கறது எத்தனை மடங்கு, 42ங்கறது முன்னாடி கண்ணாடியோட அகலம் மில்லிமீட்டர்ல. 12, 20ன்னு பெருசா வாங்குனா கை நடுக்கமும் அம்புட்டு பெருசாத் தெரியும். கடக்கரைக்கு ஸ்கோப் ஒண்ணு கூட்டத்துக்கு இருந்தா நல்லது. பளிச்சுன்னு வெள்ளைச் சட்டை வேண்டாம், தொப்பி, தண்ணி, பழைய செருப்பு. பறவைக் குரலை போன்ல போட்டு வரவழைக்கறதும் ட்ரோனும் அறவே கூடாது, மேல பறக்கற எதையும் அதுக பருந்துன்னுதான் எடுத்துக்கும்.

எண்ணறது இதுல சேராத மாதிரி தோணும், ஆனா சேரும். கூட்டத்தை ஒண்ணொண்ணா எண்ண முடியாது, மொதல்ல பத்தை எண்ணி அந்தப் பத்து எம்புட்டு அகலத்துக்கு வருதுன்னு கண்ணுல பதிச்சுக்கணும், அதே அகலத்தை கூட்டம் முழுக்க வச்சு வச்சுப் பாக்கணும், ரெண்டு மூணு பேரு தனித்தனியா எண்ணி சேத்துப் பாக்கணும். வந்ததும் இபேர்ட்ங்கற பறவைக் கணக்கு வெப்சைட்ல ஏத்திருவோம், எடம், நேரம், எத்தனை. பொங்கல் லீவுல பறவைக் கணக்கெடுப்பு நடக்குது, வனத்துறையும் வருஷா வருஷம் ஈரநிலப் பறவை கணக்கெடுக்குது. இப்படிச் சேந்த கணக்கு இல்லாம ஒரு எடத்தைக் காப்பாத்தச் சொல்லி யாருகிட்டயும் கேக்க முடியாது. 2025 ஜூன் 5ம் தேதி தனுஷ்கோடியில கிட்டத்தட்ட 525 ஹெக்டேரை பெரும் பூநாரை சரணாலயம்னு தமிழ்நாடு அரசு அறிவிச்சுச்சு. மன்னார் வளைகுடாவோட 21 தீவுக்கும் 1986லயே தேசியப் பூங்கான்னு பாதுகாப்பு வந்துருச்சு, இஷ்டத்துக்குப் போயி அதுல எறங்க முடியாது. தனுஷ்கோடியோ எல்லாரும் கார்ல போற எடம், அதனால இங்க பாதுகாப்புங்கறது ஒவ்வொரு கார்ல இருந்து எறங்கறவங்க கையிலயும் இருக்கு.

கடைசியா ஒண்ணு, இதைத்தான் நான் ரொம்ப நேரம் சொல்லுவேன், ஏன்னா யாரும் கவனிக்கறதில்லை. மார்ச் கடைசியில வெளியூர்ப் பறவை பூராம் கெளம்பிருச்சு, இனி அங்க ஒண்ணும் இல்லைன்னு நெனைப்பாங்க. மணல் கலர்லயே ஒரு உப்புக்கொத்தி அங்கயே இருக்கும், குருவிய விட கொஞ்சம்தான் பெருசு. இத்தனை காலமா இதைக் கெண்டிஷ் உப்புக்கொத்தின்னுதான் குறிச்சு வச்சோம். இலங்கையிலயும் தென்னிந்தியாவுலயும் இருக்கறது வேற இனம்னு 2023ல ஆராய்ச்சியில உறுதியாச்சு, அதுக்கு அனுமன் உப்புக்கொத்தின்னு பேரு வச்சாங்க, நம்ம பாலத்துக் கதைய நெனைச்சு. கடல் தாண்டி ரெண்டு கரையிலயும் இருக்கற பறவைக்கு இதை விடப் பொருத்தமா பேரு வைக்க முடியாது. காலு கெண்டிஷோடது மாதிரி கருப்பா இல்லாம கருஞ்சாம்பல்ல இருக்கும், ஒடம்பும் கொஞ்சம் சின்னது.

இது கோடையிலதான் முட்டை வைக்குது, நமக்கு பரீட்சை லீவு விடற அதே மாசத்துல. கூடுன்னு ஒண்ணு கெடையாது, வெறும் மணல்ல நெஞ்சால தேச்சு ஒரு சின்னப் பள்ளம், சுத்தி நாலு சிப்பித் துண்டு, அதுல ரெண்டு மூணு முட்டை, மணல்லயே புள்ளி வச்ச மாதிரி. பக்கத்துல நின்னாலும் தெரியாது. மத்தியான வெயில்ல அது முட்டை மேல உக்காந்திருக்கறது சூடு குடுக்கறதுக்கு இல்லை, நெழல் குடுக்கறதுக்கு. நெஞ்சு இறகைத் தண்ணியில நனைச்சுட்டு வந்து உக்காந்து முட்டையக் குளுர வைக்கும். அந்த நேரத்துல நம்ம போட்டோ எடுக்க அந்த மணல்ல நின்னா அது எந்திரிச்சு தூரமா போயி நிக்கும், நம்ம போற வரைக்கும் வராது, முட்டை வெந்துரும். வண்டியை மணல்ல எறக்குனா இன்னும் மோசம்.

அதனால ஏப்ரல் மே மாசத்துல புள்ளைங்களோட அங்க போறவங்க தார் ரோட்டை விட்டு எறங்கணும்னா ஜனம் ஏற்கெனவே நடந்து நடந்து கெட்டியான தடத்துலயே நடங்க, ஆள் போகாத வெள்ளை மணல் திட்டுல கால் வைக்காதீங்க. ஒரு சின்னப் பறவை உங்க முன்னாடி ஒரு றெக்கையத் தொங்கப் போட்டு அடிபட்ட மாதிரி தத்தித் தத்தி ஓடுனா அதைப் புடிச்சுக் காப்பாத்தப் போகாதீங்க, அதுக்கு ஒண்ணும் ஆகலை, உங்களை முட்டையில இருந்து அங்கிட்டு இழுத்துக்கிட்டுப் போகுது. அப்படியே நின்னு, கீழ காலடியப் பாத்து, வந்த தடத்துலயே திரும்பி நடந்துருங்க.